பிரம்புப் பேடு முதல் ஹெல்மெட் வரை

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டு வந்தபோது, "நம் கல்லூரி ஹாக்கியின் பொற்காலம் பற்றி எழுதுங்கள்" என்றார்கள். பொற்காலத்தைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் சங்கத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கோல் அடித்தவர்கள். அடியேன் கோல் வாங்கியவன்! 1980 முதல் 1983 வரை மூன்று ஆண்டுகள், நம் கல்லூரியின் செம்மண் மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றவன். ஆகவே எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கோல்கீப்பர் காலில் கட்டும் பேடு, கையில் மாட்டும் கிளவுஸ், தலையில் கவிழ்க்கும் ஹெல்மெட் ஆகியவற்றின் வரலாறுதான் இது. நடுவில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணே, பழைய மாணவர் – இன்றைய மாணவர் மேட்ச் ஒண்ணு வச்சிருக்கோம். கோலுக்கு ஆள் இல்ல. நீங்கதான் நிக்கணும்" என்றார். எனக்கு வயது 62. மாடிப்படி ஏறும்போதே முட்டி பேசுகிறது. "வேண்டாம்யா" என்று சொல்ல வாயெடுத்தேன். "சரி" என்று வந்துவிட்டது. என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான்.

அன்று மாலையே ஏணி போட்டுப் பரணில் ஏறி என் பழைய பேடுகளை இறக்கினேன். இன்றைய மாணவர்கள் அப்படி ஒரு பொருளைப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே வரிசையாகப் பிரம்பு, அதைச் சுற்றி இலவம்பஞ்சு, மேலே கான்வாஸ் துணி. காலுக்குப் பின்னால் தோல் வார் போட்டுப் பக்கிள் மாட்ட வேண்டும். பாதத்துக்குக் கிக்கர் என்று ஒன்று. பூட்ஸுக்கு மேல் மாட்டுகிற தடித்த தோல்தான் அது. ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு விடுதியில் உட்கார்ந்து கான்வாஸுக்கு வெள்ளை அடிப்பேன். நெஞ்சுக்கு எதுவும் கிடையாது. இரண்டு பனியனுக்கு நடுவே ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள்வேன். தலைக்கு? தலைக்குக் கடவுள்தான்!

பரணிலிருந்து இறங்கிய பேட்டில் எலி கூடு கட்டியிருந்தது. தூசி தட்டி, வெயிலில் காயவைத்து, பெருமையாக மைதானத்துக்குக் கொண்டு போனேன். மாணவர்கள் சுற்றி நின்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் உடற்கல்வி இயக்குநர், என் மகள் வயதுக்காரர், கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டார்: "சார், மன்னிச்சுக்கோங்க. இதைக் கட்டிக்கிட்டு உங்களை இறங்க விட மாட்டேன்." இன்றைய விதிப்படி கோல்கீப்பர் என்றால் தலைக்கவசம், கால் பேடு, கிக்கர் மூன்றும் கட்டாயம். இவை இல்லாமல் அவர் நிற்கக் கூடாது. ஆட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து எனக்காக ஒரு செட் இரவல் வாங்கினார்கள். இன்றைய அணியின் கோல்கீப்பரான இரண்டாம் ஆண்டு மாணவி எனக்கு அதைக் கட்டக் கற்றுக் கொடுத்தாள். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நான் மீண்டும் முதலாமாண்டு மாணவன் ஆனேன்.

வெறும் முகத்தோடு நின்றவர்கள்

நம் நாட்டு ஹாக்கியின் பெருமையில் பாதி கோல்கீப்பர்களுடையது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 29 கோல் அடித்தது. வாங்கியது ஒன்றுகூட இல்லை. கம்பத்தில் நின்றவர் ரிச்சர்ட் ஆலன். தியான் சந்தின் பெயரைச் சொல்லுகிற நாம் ஆலனின் பெயரைச் சொல்வதில்லை. 1956 மெல்போர்னில் இந்திய அணி 38 கோல் அடித்து, அங்கும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. அந்த அணியில் இருந்த சங்கர் லட்சுமண் 1956, 1960, 1964 என மூன்று ஒலிம்பிக்கில் ஆடியவர். டோக்கியோ 1964 இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை 1–0 என்று வென்றோமே, அந்தப் பூஜ்யம் அவர் காத்தது. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் கேப்டனாக நின்று தங்கம் வாங்கித் தந்தார். ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற அவர், 2006-இல் மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில், காலில் புண் அழுகி, வறுமையில் இறந்தார். எத்தனை பந்தைத் தடுத்த கால் அது என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

இவர்கள் எல்லாம் முகத்தில் கவசம் இல்லாமல் ஆடியவர்கள். பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கிரிக்கெட் பந்தைப் போலக் கெட்டியானது. கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். அந்தச் சட்டத்துக்குள் வெறும் முகத்தோடு நிற்பதுதான் அன்றைய வழக்கம்.

மண் போய்ப் புல் வந்தது

1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றோம். அது இயற்கைப் புல்தரை. அடுத்த ஆண்டே, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி நடந்தது. நமக்குக் கிடைத்தது ஏழாவது இடம். 1980 மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டுக்காரர் வி. பாஸ்கரன் கேப்டனாக இருந்து, ஸ்பெயினை 4–3 என்று வென்று தங்கம் கொண்டுவந்தார். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. ஊரெல்லாம் ஹாக்கி மட்டை தூக்கித் திரிந்த காலம்.

தரை மாறியதும் கோல்கீப்பரின் உடுப்பு தானாக மாறியது. காரணம் எளியது. செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். பஞ்சும் கான்வாஸும் தண்ணீரைக் குடித்தால் ஒவ்வொரு காலும் ஒரு மூட்டை ஆகிவிடும். பந்தும் மண்ணில் வருவதைவிட வேகமாக வந்தது. ஆகவே பிரம்பும் பஞ்சும் போய், அடர்த்தியான ஃபோம் வந்தது. நியூசிலாந்தின் பாமர்ஸ்டன் நார்த் என்ற ஊரில் தொடங்கிய 'ஓபோ' நிறுவனத்தின் ஃபோம் பேடுகள் 1990-களிலிருந்து உலகமெங்கும் பரவின. இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன.

பொருள் மாறினால் ஆட்டமும் மாறும் என்பதை இரவல் பேடு கட்டிய முதல் நாளே உணர்ந்தேன். எங்கள் பிரம்புப் பேட்டில் பந்து பட்டால் செத்து விழும். காலடியில் கிடக்கும் பந்தை அடுத்த உதையில் வெளியே தள்ளுவோம். ஒரு பந்துக்கு இரண்டு வேலை. ஃபோமில் பட்டால் பந்து துள்ளிக்கொண்டு வட்டத்துக்கு வெளியே ஓடுகிறது. தடுப்பதும் விரட்டுவதும் ஒரே வேலை. ஆனால் எந்தப் பக்கம் விரட்டுகிறோம் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். நான் பழைய பழக்கத்தில் பந்தைத் தடுத்துவிட்டுக் காலடியில் தேடுவேன். அதற்குள் எதிரணிப் பையன் அதை வலைக்குள் போட்டிருப்பான்!

கார்னர் செய்த வேலை

அடுத்த மாற்றம் பெனால்டி கார்னரால் வந்தது. கார்னரில் முதல் ஷாட்டை ஓங்கி அடித்தால், பந்து கோலின் பின்பலகை உயரத்துக்கு, அதாவது 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் கணக்கில் 18 அங்குலம். இதைப் புரிந்துகொண்ட கோல்கீப்பர்கள் 1980-களில் மரக்கட்டை மாதிரி தரையில் குறுக்கே படுத்துத் தடுத்தார்கள். ஆனால் மட்டையால் இழுத்துத் தள்ளும் 'டிராக் ஃபிளிக்'குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு கிடையாது. 1990-களில் அதில் தேர்ந்தவர்கள் வந்ததும், படுத்துக் கிடந்தவரின் தலைக்கு மேல் பந்து பறந்தது. கோல்கீப்பர் மறுபடி எழுந்து நின்றார். மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டி முகத்துக்கு நேராக வரும் பந்தை எதிர்கொள்ள, நெஞ்சுக்கவசம், தோள்பட்டைக் கவசம், தொண்டைக் கவசம், பஞ்சு வைத்த அரைக்கால்சட்டை எல்லாம் சேர்ந்தன. இடது கை கிளவுஸ் ஒரு பலகை போல ஆனது. அதற்கும் அளவு உண்டு. 228 மில்லிமீட்டர் அகலம், 355 மில்லிமீட்டர் நீளம் தாண்டக் கூடாது. கால் பேடு ஒவ்வொன்றும் 300 மில்லிமீட்டர் அகலம் வரைதான்.

ஹெல்மெட்டும் 1970, 80-களில் மெல்ல மெல்ல வந்து, பிறகு கட்டாயமானது. ஐஸ் ஹாக்கியில் இதற்கு ஒரு தேதியே இருக்கிறது. 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில் மான்ட்ரியல் அணியின் ஜாக் பிளாண்ட் முகத்தில் அடிபட்டு வெளியே போனார். பயிற்சியில் மட்டும் அவர் முகமூடி போடுவது வழக்கம். ஆட்டத்தில் போடுவது பயிற்சியாளருக்குப் பிடிக்காது. தையல் போட்டுத் திரும்பிய பிளாண்ட், முகமூடி இல்லாமல் இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். மாற்று கோல்கீப்பர் கிடையாது. வேறு வழியில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். முகமூடி போட்டவன் கோழை என்று அன்று சொன்னவர்கள் உண்டு. பதினைந்து ஆண்டுகளில் அந்த லீகில் முகமூடி இல்லாத கோல்கீப்பரே இல்லை.

என் கதை

இனி, நான் இத்தனை காலம் யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன்.

1982 ஆகஸ்டில் பயிற்சியின்போது பந்து ஒரு கல்லில் பட்டு எழும்பி என் இடது புருவத்துக்கு மேல் அடித்தது. ஏழு தையல். பத்து நாளில் மீண்டும் இறங்கினேன். எல்லோரும் தட்டிக் கொடுத்தார்கள். நானும் பயம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அந்த டிசம்பர் 1-ஆம் தேதி டெல்லி ஆசிய விளையாட்டு இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1–7 என்று தோற்றோம். விடுதி ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களில் யாரும் அன்று சாப்பிடவில்லை. கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நெகியை நாடே துரோகி என்றது. ஏழு கோலுக்கும் ஒரு மனிதன் பொறுப்பானான்.

அடுத்த மாதம், 1983 ஜனவரியில், கல்லூரிகளுக்கிடையேயான போட்டியின் இறுதி ஆட்டம். கடைசி ஐந்து நிமிடம் வரை 0–0. எதிரணி முன்கள வீரர் வட்டத்தின் ஓரத்திலிருந்து அடித்தார். பந்து தரையில் குத்தி எழும்பியது. ஆகஸ்டில் எழும்பிய அதே மாதிரி. நான் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பந்து என் இடது கைக்கு ஒரு அடி தூரத்தில் உள்ளே போனது. கையை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் பி.டி. சார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பந்தைப் பார்க்கலையேலே" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மறுநாள் டீக்கடையில் ஒருவர், "நம்ம ஊரு நெகி வாராருலே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கழற்றிய பேடுதான் பரணுக்குப் போனது. பரீட்சை, பேங்க் வேலை, கல்யாணம், மாற்றல் என்று நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நான் பயந்தவன் என்பது எனக்கு மட்டும் தெரிந்த செய்தியாக உள்ளே கிடந்தது.

நெகி என்னைப் போல ஓடிவிடவில்லை. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு அவர் கோல்கீப்பர் பயிற்சியாளர். அந்த இறுதி ஆட்டத்தில் டைபிரேக்கரில் பந்துகளைத் தடுத்து நாயகன் ஆனவர் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால். செய்தித்தாளில் அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

"திறந்தே வைங்க சார்"

பயிற்சியின் முதல் நாள், ஹெல்மெட் மாட்டி நின்ற என்னைப் பார்த்து அந்த மாணவி நாலைந்து பந்து அடித்தாள். பிறகு பக்கத்தில் வந்து, "சார், தப்பா நினைக்காதீங்க. கண்ணை மூடுறீங்க" என்றாள்.

"பழக்கம்மா."

"மூடினாலும் திறந்தாலும் பந்து கம்பியிலதான் படும். திறந்தே வைங்க சார்."

பிறகு டென்னிஸ் பந்தை எடுத்து என் முகத்துக்கு நேராக எறிய ஆரம்பித்தாள். பத்து, இருபது, ஐம்பது. தினமும் இதே வேலை. கம்பியில் 'டக்' என்று படும். முதல் வாரம் முழுக்க மூடினேன். இரண்டாவது வாரம் பாதிக்குப் பாதி. அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. ஏழு தையல் போட்ட பையன் முகத்துக்கு நேராக வரும் பந்தைக் கண்டு கண்ணை மூடியது கோழைத்தனம் இல்லை. உடம்பு தன்னைக் காத்துக்கொண்டது. என்னிடம் இல்லாமல் போனது தைரியம் அல்ல, ஒரு ஹெல்மெட்.

ஆட்டம் நடந்தது. 2–5 என்று தோற்றோம். ஐந்தும் என் கணக்குத்தான், யார் மேலும் பழி போட மாட்டேன்! ஆனால் இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். மூன்றாமாண்டுப் பையன் இழுத்துத் தள்ளிய பந்து எழும்பி நேராக முகத்துக்கு வந்தது. கம்பியில் பட்டு மேலே துள்ளி, பலகைக் கிளவுஸில் பட்டு வெளியே போனது. வருகிற வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிர்க் கோலிலிருந்து அந்தப் பெண் மட்டையைத் தூக்கிக் காட்டினாள். பி.டி. சார் இன்று இல்லை. இருந்திருந்தால், "பார்த்தேன் சார்" என்று சொல்லியிருப்பேன்.

மீண்டும் இறங்க நினைக்கும் நண்பர்களுக்கு

நம்மில் சிலர் மூத்தோர் போட்டிகளுக்குத் திரும்பியிருக்கிறார்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பழைய பேட்டைப் பாசத்துக்காக வைத்துக்கொள்ளுங்கள், கட்டாதீர்கள். பணம் குறைவென்றால் முதலில் ஹெல்மெட், அடுத்துக் கிக்கரும் பேடும். ஹெல்மெட் தலையை ஆட்டினால் ஆடக் கூடாது. ஓட்டில் விரிசல் இருந்தால், சும்மா கிடைத்தாலும் வேண்டாம். கிக்கரையும் பேடையும் ஜோடியாக வாங்குங்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கணுக்காலில் இடைவெளி விழும், பந்து அங்கேதான் வரும். ஆடப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டே கிக்கரின் அளவு பாருங்கள். ஃபோமும் சாகாவரம் பெற்றதல்ல. அமுக்கினால் திரும்ப எழவில்லை என்றால் அதன் ஆயுள் முடிந்தது. விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். நாம் ஆடிய ஆஃப்சைடு இப்போது இல்லை. டைபிரேக்கரில் பெனால்டி ஸ்ட்ரோக்குக்குப் பதிலாக, 2011 முதல், 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு விநாடிக்குள் ஒற்றைக்கு ஒற்றை மோதல்!

ஒரு வேண்டுகோள்

டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியா வெண்கலம் வென்றபோது கம்பத்தில் நின்றவர் கேரளத்தின் பி.ஆர். ஸ்ரீஜேஷ். தனக்குக் கோல்கீப்பர் உடுப்பு வாங்கத் தந்தை வீட்டுப் பசுவை விற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பசு விற்கப்படாமல் இருந்தால் அந்த வெண்கலங்கள் என்ன ஆகியிருக்கும்?

ஆட்டம் முடிந்து அந்த மாணவி ஹெல்மெட்டைக் கழற்றியபோது உள்ளேயிருந்து மடித்த கைக்குட்டை ஒன்று விழுந்தது. "பெரிசா இருக்கு சார், ஆடும். அதான்" என்றாள். நம் கல்லூரியில் இருப்பது ஒரே ஒரு செட். ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுக்கும் அதுதான். ஒரு நல்ல செட்டின் விலை அவர்களில் பலருடைய ஓராண்டுக் கல்லூரிக் கட்டணத்துக்கு மேல்.

"நாங்க எல்லாம் ஹெல்மெட் இல்லாமலே ஆடினோம்" என்று மேடையில் பேசும் நண்பர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பேச்சு வேண்டாம். ஆடினோம், உண்மைதான். என் புருவத்தைப் பாருங்கள். 1983 இறுதி ஆட்டத்தின் ஸ்கோரையும் பாருங்கள்.

இந்த ஆண்டுக் கூட்டத்தில் அளவுக்கேற்ற இரண்டு செட்கள் வாங்கித் தருவது என்று ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். முதல் ஹெல்மெட்டுக்கான தொகையைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். மீதியை நாம் எல்லோருமாகச் சேர்ந்து முடிப்போம்.

என் பிரம்புப் பேடுகளைக் கல்லூரியின் கோப்பை அலமாரியில் வைக்கக் கொடுத்திருக்கிறேன். மாணவ மணிகள் வந்து பார்க்கலாம், தொட்டும் பார்க்கலாம். கட்ட மட்டும் வேண்டாம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் ஹாக்கி!

— ஒரு முன்னாள் கோல்கீப்பர், பி.எஸ்ஸி. இயற்பியல் (1980–83)